23 பிரிவுகளுக்கு ஒரு நோபல்

பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது 1973 ஜனவரி 27, சனிக்கிழமை. ஞாயிறு ஒரு நாள் போனது. திங்கட்கிழமை ஜனவரி 29 அன்று, நார்வே நோபல் குழுவின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவரான ஜான் சான்னெஸ் அந்த வருட அமைதிப் பரிசுக்கு இரண்டு பேரைப் பரிந்துரைத்துத் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவின் ஹென்றி கிஸ்ஸிஞ்சர், வட வியட்நாமின் லே டுக் தோ. பரிந்துரைகளுக்கான கெடு ஜனவரியோடு முடிந்துவிடும், அதனால் அவசரம். வியட்நாமில் போர்நிறுத்தம் அமலுக்கு வந்து அப்போது முழுசா இரண்டு நாள்கூட ஆகவில்லை.

நோபல் பரிந்துரைக் கோப்புகள் 50 வருடம் பூட்டியே இருக்கும். இந்தக் கோப்பு 2023 ஜனவரியில் திறந்தது. சான்னெஸ் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வட வியட்நாமுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவிலான சண்டையைப் பேச்சுவார்த்தை முடித்து வைத்திருக்கிறது, அந்த நல்ல அம்சத்தைப் பரிசு எடுத்துக்காட்டும் என்பது ஒன்று. இந்த ஒப்பந்தம் நடைமுறையில் என்னவாகும் என்பது இனி வரும் காலத்தில்தான் தெரியும் என்று அவரே ஒப்புக்கொள்வது இன்னொன்று.

இரண்டாவது வாக்கியத்தை எழுதிய கை எப்படி அந்தக் கடிதத்தை அனுப்பியது என்பதுதான் என் கேள்வி.

1973 நோபலைப் பற்றிய வழக்கமான விமர்சனம் எல்லோருக்கும் தெரியும். கம்போடியா மீது ரகசிய குண்டுவீச்சு, 1972 டிசம்பரில் ஹனோய், ஹைபோங் மீது பொழிந்த பி-52 விமானங்கள், சிலி. குழுவில் இரண்டு பேர் ராஜினாமா செய்தார்கள். அந்தப் பரிசோடு அரசியல் நையாண்டியே செத்துப் போச்சு என்று ஒரு கேலி இன்று வரை சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லாம் நியாயமான கோபம். ஆனால் அது கிஸ்ஸிஞ்சர் என்கிற மனிதர் மீதான வழக்கு. குழு பரிசு கொடுத்தது என்னவோ ஒரு ஒப்பந்தத்துக்கு: 9 அத்தியாயம், 23 பிரிவு, கூடவே சில இணைப்பு நெறிமுறைகள். நான் வரலாறு படித்தவன் இல்லை, பி.ஈ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எந்த ஆவணத்தைப் பார்த்தாலும் ஸ்பெக் மாதிரி வாசிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இது வேலை செய்யுமா, எங்கே உடையும், உடைந்தால் யாருக்குத் தெரிய வரும்? அந்த மூன்று கேள்வியோடு ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்கலாம். குழுவும் அதைச் செய்திருக்கலாம். ஒப்பந்தம் ஒன்றும் ரகசியம் இல்லை, ஜனவரியிலேயே வெளியானது.

முதலில் அதன் பெயர். போரை முடிப்பதற்கும் வியட்நாமில் அமைதியை மீட்பதற்குமான ஒப்பந்தம். இரண்டு வேலை. இந்த இரண்டுக்கும் உள்ளே கிடைத்திருக்கிற எழுத்தின் தரம் ஒன்றல்ல.

போரை முடிக்கிற பகுதி, அதாவது அமெரிக்காவின் போரை முடிக்கிற பகுதி, கச்சிதம். அமெரிக்கப் படைகள் 60 நாளில் வெளியேற வேண்டும். போர்க்கைதிகளை அதே 60 நாளில் ஒப்படைக்க வேண்டும். பெயர்ப் பட்டியலைக் கையெழுத்தாகும் அன்றே பரிமாறிக்கொள்ள வேண்டும். நாள் இருக்கிறது, எண்ணிப் பார்க்க ஆள் இருக்கிறது, ஒரு தரப்பு நிறுத்தினால் மறு தரப்பும் நிறுத்தலாம். அது அப்படியே நடந்தது. 591 அமெரிக்கக் கைதிகள் வீடு திரும்பினார்கள், மார்ச் 29-ல் கடைசிப் போர்ப்படைகளும் கிளம்பிவிட்டன.

அமைதியை மீட்கிற பகுதிக்கு வந்தால் வாக்கியங்கள் தளர்ந்துவிடுகின்றன. தெற்கில் இருக்கும் இரண்டு தரப்பும், அதாவது சைகோன் அரசும் தற்காலிகப் புரட்சி அரசும், நல்லிணக்க உணர்வோடு கலந்து பேசிக்கொள்ளும். தேர்தலை ஏற்பாடு செய்ய ஒரு தேசிய நல்லிணக்க மன்றம் அமையும், அது ஒருமனதாக முடிவெடுக்கும். கலந்து பேசாவிட்டால்? ஒருமனது வராவிட்டால்? பதில் கிடையாது. தெற்கில் இருந்த வட வியட்நாம் படை ஒரு லட்சத்துக்கும் மேலே, அது வெளியேற வேண்டும் என்று எங்கேயும் எழுதவே இல்லை. இது கவனக்குறைவால் விட்டுப்போனது அல்ல. அதை எழுதச் சொன்னால் ஹனோய் கையெழுத்துப் போடாது என்று கிஸ்ஸிஞ்சருக்குத் தெரியும். சைகோன் அதிபர் தியூ இதற்காகத்தான் 1972 அக்டோபரில் ஒப்பந்தத்தையே ஏற்க மறுத்தார். அப்புறம் டிசம்பர் குண்டுவீச்சு, அப்புறம் ஜனவரி ஒப்பந்தம். அக்டோபர் வரைவையும் ஜனவரி வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முக்கியமான எதுவும் மாறவில்லை. நடுவில் செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்று கேட்டால் எந்தப் பிரிவைக் காட்டுவது?

அடுத்தது, என் பார்வையில் இந்த ஆவணத்தின் மிகப் பெரிய ஓட்டை. கண்காணிப்பு. கனடா, ஹங்கேரி, இந்தோனேசியா, போலந்து என்று நான்கு நாட்டு ஆணையம், சுமார் 1,160 பேர். மீறல் நடந்தால் விசாரித்து அறிக்கை தர வேண்டும். 18-வது பிரிவின்படி அந்த ஆணையமும் ஒருமனதாகத்தான் இயங்க வேண்டும். நான்கில் இரண்டு கம்யூனிச நாடு, இரண்டு இல்லை. எந்தப் பக்கம் மீறினாலும் அதை மீறல் என்று சொல்ல மறுக்க ஆணையத்துக்குள்ளேயே ஒருவர் தயாராக இருப்பார். ஒரு அலாரம் அடிக்க நான்கு சென்சாரும் ஒரே நேரத்தில் சம்மதிக்கணும், அதில் இரண்டு சென்சார் திருடனுக்கு வேண்டியவர் வீட்டுக்காரர். இப்படி ஒரு டிசைனை என் டீமில் நேற்று சேர்ந்த பையன் கொண்டு வந்தாலே டீ குடிக்கக் கூட்டிப் போய்ப் பேசுவோம்.

இதுவும் புதுசு இல்லை. 1954 ஜெனீவா உடன்பாட்டுக்குப் பிறகு இந்தியா தலைமையில் கனடா, போலந்து சேர்ந்த பழைய ஆணையம் ஒன்று வியட்நாமில் இருந்தது. அது எப்படி முடங்கியது என்று கனடாவுக்கு அனுபவத்திலேயே தெரியும். அதனால்தான் புதிய ஆணையத்திலிருந்து 1973 ஜூலையோடு கனடா வெளியேறிவிட்டது. அந்த இடத்துக்கு ஈரான் வந்தது. பரிசு அறிவிப்புக்கு இது இரண்டரை மாதம் முந்தி. ஓஸ்லோவில் செய்தித்தாள் வாசிக்கிற யாருக்கும் தெரிந்திருக்கக் கூடிய சேதி.

அப்படியானால் இந்த ஒப்பந்தம் எதை நம்பி நின்றது? ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்த கடிதங்களை. வடக்கு மீறினால் முழு பலத்தோடு திருப்பி அடிப்போம் என்று ஜனவரி தொடக்கத்தில் நிக்சன் தியூவுக்கு ரகசியக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 1 அன்று ஹனோய் பிரதமர் பாம் வான் டோங்குக்கு இன்னொரு கடிதம், மறுசீரமைப்புக்கு 325 கோடி டாலர் அளவில் உதவி என்று. ஒரு பக்கம் தடி, இன்னொரு பக்கம் வெல்லம். இரண்டும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தெரியாது. எங்க பாஷையில் சொன்னால், ஆவணத்தில் குறிப்பிடாத ஒரு லைப்ரரியை நம்பி ஓடுகிற புரோகிராம். அந்த லைப்ரரியை யாராவது தூக்கிவிட்டால் எதனால் உடைந்தது என்றுகூடத் தெரியாது.

தூக்கியும் விட்டார்கள். 1973 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தோசீனாவில் அமெரிக்கா எந்த ராணுவ நடவடிக்கையிலும் இறங்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வாட்டர்கேட்டில் சிக்கியிருந்த நிக்சனால் தடுக்க முடியவில்லை. நோபல் குழுவுக்கு அந்தக் கடிதங்கள் தெரிய வாய்ப்பில்லை, சரி. சட்டம் பகிரங்கமானது. ஆக, அக்டோபர் 16-ல் பரிசை அறிவித்தபோது கண்காணிப்பு முடங்கியிருந்தது, அமலாக்கம் சட்டப்படி நின்றிருந்தது, வியட்நாமியர்கள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டும் இருந்தார்கள். ஜனவரியில் சான்னெஸ் சொன்ன "வரும் காலம்" ஒன்பது மாதமாக வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பரிந்துரையை மறுபடி எடைபோடத்தான் ஒரு குழு இருக்கிறது.

குழுவின் தரப்பையும் சொல்ல வேண்டும். தலைவர் ஓசெ லியோனெஸ் டிசம்பர் 10 விழா உரையில் ஒன்றை வெளிப்படையாகவே சொன்னார்: இது போர்நிறுத்தம், சமாதான ஒப்பந்தம் அல்ல என்பது குழுவுக்கு நன்றாகத் தெரியும், வியட்நாம் மக்களின் துன்பம் முடியவில்லை என்பதும் தெரியும். அப்படியானால் குழு ஏமாறவில்லை. தெரிந்தே கொடுத்தது, ஊக்கப் பரிசாக. இனிமேலாவது ஒழுங்காக இருங்கள் என்று கையில் வைத்த அட்வான்ஸ்.

இந்த அட்வான்ஸ் பழக்கம் பழையது. ஆல்ஃபிரட் நோபல் 1895-ல் எழுதிய உயிலில் தேசங்களிடையே சகோதரத்துவம், நிலைப்படைகளைக் குறைத்தல், அமைதி மாநாடுகள் என்றுதான் இருக்கிறது. அவர் மனதில் இருந்தது பெர்த்தா ஃபொன் சுட்னர் மாதிரி இயக்கக்காரர்கள். ஆட்சியாளர்கள் பக்கம் வண்டி திரும்பியது 1906-ல், ரஷ்ய-ஜப்பானியப் போரை முடித்து வைத்ததற்காகத் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுத்தபோது. 1926 டிசம்பரில் லொகார்னோ உடன்படிக்கைக்காரர்கள்: ஆஸ்டன் சேம்பர்லேன், பிரியான், ஸ்ட்ரெசமான், கூடவே ஜெர்மன் இழப்பீட்டுத் திட்டம் போட்ட டாஸ். அந்த உடன்படிக்கை ஜெர்மனியின் மேற்கு எல்லைக்கு உத்தரவாதம் தந்தது. கிழக்கில் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா எல்லைகளுக்குத் தரவில்லை. போர் எந்தப் பக்கம் தொடங்கியது என்று உங்களுக்கே தெரியும். போரையே சட்டவிரோதமாக்கிய 1928 ஒப்பந்தத்துக்காக கெல்லாக்குக்கு ஒன்று. இதைச் சிரித்துவிட்டுக் கடக்க முடியாது. அந்த ஒப்பந்தம் போரைத் தடுக்கவில்லை, ஆனால் நியூரம்பர்க் விசாரணையில் ஆக்கிரமிப்பு ஒரு குற்றம் என்று வாதிட அதுதான் கைகொடுத்தது. உடைந்த ஒப்பந்தமெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை.

சரி, ஊக்கப் பரிசு வாதத்துக்கு ஆதரவாக இருக்கிற மிக நல்ல உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1978. எகிப்தின் சாதாத், இஸ்ரேலின் பெகின். கேம்ப் டேவிட் உடன்பாடு செப்டம்பர் 17, பரிசு அறிவிப்பு அக்டோபரில், சமாதான ஒப்பந்தமோ 1979 மார்ச் 26-ல்தான். 1973-ல் பரிசாவது கையெழுத்துக்குப் பின்னால் வந்தது, இங்கே முன்னாலேயே வந்துவிட்டது. ஆனாலும் அந்த அமைதி நின்றது.

பரிசு கொடுத்ததால் நின்றதா? ஒப்பந்தத்தை வாசித்தால் அப்படித் தோன்றவில்லை. சினாய் தீபகற்பத்திலிருந்து இஸ்ரேல் கட்டம் கட்டமாக வெளியேற வேண்டும், ஒவ்வொரு கட்டத்துக்கும் வரைபடத்தில் கோடு, தேதி. எந்த மண்டலத்தில் எவ்வளவு படை என்ற கணக்கு. கண்காணிக்க ஐ.நா. படை. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் சம்மதிக்காவிட்டால் மாற்றுப் பன்னாட்டுப் படைக்கு அமெரிக்கா பொறுப்பு என்று அதிபர் கார்ட்டர் கடிதம். இந்தக் கடிதம் ஒப்பந்தத்தோடு சேர்ந்து வெளிவந்த கடிதம், நிக்சன் தியூவுக்கு எழுதியது மாதிரி அலமாரியில் பூட்டி வைத்தது இல்லை. ஐ.நா. நிஜமாகவே சம்மதிக்கவில்லை. அந்த மாற்றுப் படை 1982-ல் போய் இறங்கியது. அதே ஏப்ரல் 25-ல் சினாயிலிருந்து வெளியேற்றமும் முடிந்தது. அதே கேம்ப் டேவிட்டில் பாலஸ்தீனர்களுக்கு சுயாட்சி என்று இன்னொரு பகுதியும் இருந்தது. கலந்து பேசுவார்கள், ஐந்து வருட இடைக்காலம் என்று பொத்தாம்பொதுவாக எழுதிய பகுதி. அது என்னாச்சு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதாவது ஒரே பரிசு வாங்கிய ஒரே உடன்பாட்டுக்குள்ளேயே தேதி போட்ட பகுதி நடந்தது, "கலந்து பேசுவார்கள்" பகுதி நடக்கவில்லை. பாரிஸிலும் அச்சு அசலாக இதுதான். ஊக்கத்துக்கு இதில் எங்கே வேலை? பரிசுக் குழு வாசிக்க வேண்டியது கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்பதையா, பிரிவுகளையா?

யார் கையெழுத்துப் போட்டது என்றதும் ஒரு வேடிக்கை ஞாபகம் வருகிறது. ஜனவரி 27 அன்று பாரிஸில் உட்கார்ந்து கையெழுத்திட்டவர்கள் கிஸ்ஸிஞ்சரும் லே டுக் தோவும் கிடையாது. அவர்கள் நான்கு நாள் முன்னால் சுருக்கொப்பம் வைத்தவர்கள். முறைப்படி கையெழுத்திட்டது நான்கு வெளியுறவு அமைச்சர்கள். அதில் தற்காலிகப் புரட்சி அரசின் நுயென் தி பின் ஒரு பெண். அவருடைய அரசின் பெயர் இருக்கிற தாளில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சைகோன் பிடிவாதம் பிடித்ததால், பெயர் எதுவும் சொல்லாத நான்கு தரப்புப் பிரதி காலையில், பெயர் சொல்கிற இரு தரப்புப் பிரதி பிற்பகலில் என்று இரண்டு முறை விழா நடந்தது. இதே மாநாட்டின் தொடக்கத்தில் மேஜை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்றே பத்து வாரம் சண்டை போட்டவர்கள் வேறு. சிரிப்பு வரலாம். ஆனால் ஒன்று யோசியுங்கள். ஒருவர் பெயரை ஒருவர் ஒரே தாளில் பார்க்கச் சகிக்காத இந்த இரண்டு தரப்பும்தான் ஊருக்குப் போய் நல்லிணக்க மன்றத்தில் ஒருமனதாக முடிவெடுக்கப் போகிறவர்கள்.

இந்த விமர்சனத்தைப் பரிசு பெற்றவரே செய்தார். லே டுக் தோ அனுப்பிய மறுப்புத் தந்தியின் சாரம் இது: தெற்கு வியட்நாமில் உண்மையான அமைதி இன்னும் வரவில்லை, இந்த நிலையில் பரிசை ஏற்க முடியாது, பாரிஸ் ஒப்பந்தம் மதிக்கப்பட்டு, துப்பாக்கிகள் அடங்கி, நிஜமாகவே அமைதி வந்தால் ஏற்பதைப் பற்றி யோசிப்பேன். நோபல் அமைதிப் பரிசைத் தானாக மறுத்த ஒரே ஆள் இன்று வரை அவர்தான். இந்தத் தந்தியை எல்லோரும் ஒரு புரட்சிக்காரரின் கம்பீரமான மறுப்பாக வாசிக்கிறார்கள். எனக்கு அது ஒரு ரிவ்யூ கமெண்ட் மாதிரி படுகிறது. "இன்னும் டெஸ்ட் பாஸ் ஆகவில்லை, ஆனதும் கூப்பிடுங்கள்."

அதற்காக அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. மறுபடி ஆயுதப் பாதைதான் என்று ஹனோய் கட்சித் தலைமை அதே 1973-ல் தீர்மானித்துவிட்டது, தோ அந்தத் தலைமையில் ஒருவர். 1975 ஏப்ரலில் சைகோனை வீழ்த்திய கடைசிப் படையெடுப்பின்போது லோக் நின் தலைமையகத்திலேயே போய் உட்கார்ந்திருந்தவர். துப்பாக்கிகள் அடங்கினால் யோசிப்பேன் என்றவருக்கு, அவை எப்படி அடங்கும் என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். மற்றவர்களின் மீறலை மட்டும் அவர் தந்தி சொல்கிறது என்பதும் உண்மை. ஆனால் தான் சுருக்கொப்பம் வைத்த ஆவணம் எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்று அவருக்குத் தெளிவு இருந்தது. அமெரிக்கா போய்விட்டது, மீதி பாக்கி இருக்கிறது. ஓஸ்லோவுக்கு அந்தத் தெளிவு இருந்தும் பரிசு கொடுத்தது.

கிஸ்ஸிஞ்சர் ஏற்றுக்கொண்டார், விழாவுக்குப் போகவில்லை. நார்வேயில் இருந்த அமெரிக்கத் தூதர் வாங்கிக்கொண்டார். பணத்தை, இந்தோசீனாவில் இறந்த, காணாமல்போன அமெரிக்க வீரர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியாகக் கொடுத்தார். வியட்நாமியப் பிள்ளைகளுக்கு என்று ஒரு வரி இல்லை. 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் விழுந்ததும் பதக்கத்தையும் பணத்தையும் திருப்பித் தருகிறேன் என்று குழுவுக்குச் செய்தி அனுப்பினார். பேச்சுவார்த்தையில் தேடிய அமைதி பலத்தால் கவிழ்க்கப்பட்டது என்பது காரணம். அதற்குப் பின்னால் நடந்தது எதுவும் பரிசின் தகுதியைக் குறைக்கவில்லை என்று குழு மறுத்துவிட்டது. இந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எதிர்காலத்தை நம்பி, அதை ஊக்குவிக்கக் கொடுத்த பரிசு அது. எதிர்காலம் வந்து நின்றபோது அதற்கும் பரிசுக்கும் சம்பந்தம் இல்லையாம்.

போர்நிறுத்தத் தாள் ஒன்று எப்படி மெல்ல மெல்லச் செத்துப்போகும் என்று தமிழ் வாசகர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2002-ல் இதே நார்வே நடுவில் நின்று செய்த இலங்கைப் போர்நிறுத்தத்துக்கும் ஒரு கண்காணிப்புக் குழு இருந்தது. மீறல்களைப் பதிவு செய்யும், தடுக்க அதிகாரம் கிடையாது. அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே நுழைத்தால் இரண்டுக்கும் நியாயம் செய்ய முடியாது.

1973-ன் கோப்பு 2023-ல் திறந்த அதே கணக்குப்படி சாதாத்-பெகின் கோப்பு 2028 ஜனவரியில் திறக்க வேண்டும். நான் அதில் தேடப்போவது ஒரே ஒரு விஷயம்தான். சினாய் பகுதியையும் பாலஸ்தீனப் பகுதியையும் யாராவது ஒரு உறுப்பினராவது தனித்தனியாக வாசித்தாரா, இல்லை அங்கேயும் கையெழுத்துப் போட்டவர்களின் பெயரே போதுமானதாக இருந்ததா?